வேலையும் கூலியும் – ஓர் இயற்பியல் மாணவனின் சிந்தனைகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

'வேலை' என்னும் சொல்லைப்போல் நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. "வேலைக்குப் போகிறான்", "வேலை கிடைத்துவிட்டது", "உன் வேலையைப் பார்" என்று எத்தனையோ முறை சொல்கிறோம். வள்ளுவப் பெருந்தகையும் 'ஆள்வினையுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், வேலை என்பது யாது, அதை எப்படி அளப்பது, அளந்தபின் அதற்குக் கூலி எவ்வளவு என்று கேட்டால், விடை கூறுவது அத்துணை எளிதன்று. இயற்பியல் நூல் ஒரு விடை கூறுகிறது. தறிப்பட்டறை வேறொரு விடை கூறுகிறது. இன்று செல்பேசியில் வந்துள்ள செயலிகள் மூன்றாவதாக ஒரு விடை கூறுகின்றன. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. நான் குமாரபாளையம் பகுதியைச் சேர்ந்தவன். என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. தாயார் வீட்டிலிருந்தபடியே தார் சுற்றுகிறார். கல்லூரியில் சேர்ந்தபோது 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சான்றிதழை இணைத்தவர்களுள் நானும் ஒருவன். முதலாண்டு வகுப்பில் வேலை, ஆற்றல், திறன் என்னும் பாடம் நடந்தபோது, கரும்பலகையில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் வீட்டில் வேறொரு பொருள் இருப்பதை உணர்ந்தேன். அன்று தொடங்கிய சிந்தனையே இங்குக் கட்டுரையாகிறது.

இயற்பியல் கூறும் வேலை

ஒரு பொருளின்மீது விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் பொருள் இடம்பெயருமானால் அங்கு வேலை நடைபெறுகிறது. விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். அதன் அலகு ஜூல். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே.

ஆனால் இவ்வரையறை தரும் முடிவுகள் வியப்பானவை. சுவரை நாள் முழுதும் தள்ளியும் சுவர் அசையவில்லை என்றால், தள்ளியவர் செய்த வேலை சுழி. தலையில் மூட்டையுடன் சமதளத்தில் ஒரே வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பவர், மூட்டையின்மீது செய்த வேலையும் சுழியே. அவர் தரும் விசை மேல்நோக்கியது. நடக்கும் திசையோ கிடைமட்டம். இரண்டும் செங்குத்தாக இருப்பதால் பெருக்குத்தொகை சுழியாகிவிடுகிறது. மூட்டை தூக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் நம்மைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

ஒரு சிறு கணக்கைக் காண்போம். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரமுள்ள லாரியில் ஏற்ற வேண்டும். நிறை 50, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 1.5. பெருக்கினால் 735 ஜூல். மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 4,900 மூட்டைகளை லாரியில் ஏற்றுவதற்குச் சமம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நல்ல உடல்வலிமையுள்ள ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து உழைத்தால், சராசரியாக 75 வாட் அளவில் திறன் தர முடியும் என்பர். எட்டு மணி நேரத்திற்கு இது 600 வாட்-மணி, அதாவது யூனிட்டில் பாதிக்குச் சற்று மேல். ஒரு யூனிட்டின் விலை பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மனிதனின் முழுநாள் உழைப்பின் மதிப்பு ஆறு ரூபாய்!

கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆறு ரூபாய்க்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்காது. அப்படியானால், உழைப்பவருக்கு நாம் தரும் கூலி எதற்காக? நிச்சயமாக ஜூலுக்காக அன்று. வேறு எதற்காக என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வரையறை எங்கிருந்து வந்தது?

விசையையும் தூரத்தையும் பெருக்கி அதற்கு 'வேலை' எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ். ஆண்டு 1829. சுழலும் பூமியில் காற்று விலகுவதை விளக்கும் கொரியோலிஸ் விளைவுக்குப் பெயர் தந்தவரும் இவரே. ஆனால் வேலையைப் பற்றி அவர் எழுதிய நூல் வான்பொருள்களைப் பற்றியதன்று. இயந்திரங்கள் எவ்வளவு பயன் தருகின்றன என்று கணக்கிடுவதைப் பற்றியது. நீராவி இயந்திரமும் நீர்ச்சக்கரமும் பெருகிய காலத்தில், அவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

அவருக்கும் முன்னோடி ஜேம்ஸ் வாட். 1769-இல் நீராவி இயந்திரத்தில் தனி ஒடுக்கக்கலம் அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும், சுரங்கங்களுக்கு இயந்திரம் தந்தபோது ஒரு புதுமையான வணிக முறையைக் கையாண்டனர். பழைய இயந்திரத்தைவிட இது எவ்வளவு நிலக்கரியை மிச்சப்படுத்துகிறதோ, அம்மிச்சத்தில் மூன்றிலொரு பங்கு தங்களுக்கு என்றனர். பின்னர், குதிரை பூட்டி வேலை வாங்கிய ஆலைகளுக்கு இயந்திரத்தை விற்க வேண்டியிருந்தது. "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதே வாங்குவோரின் முதற்கேள்வியாயிற்று. அதற்கு விடையாகவே குதிரைத்திறன் என்னும் அலகு பிறந்தது. அது நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு. இன்றைய அலகில் சுமார் 746 வாட்.

ஆகவே, இயற்பியலின் 'வேலை' இயந்திரத்தை அளக்கப் பிறந்த அளவுகோல். அதனை வைத்து மனிதனை அளந்தால் ஆறு ரூபாய்தான் வரும். குற்றம் அளவுகோலுடையதன்று, அளக்கப் புகுந்தவருடையது.

தறிப்பட்டறையின் கணக்கு

இனித் தறிப்பட்டறைக்கு வருவோம். சாதாரண விசைத்தறி ஒன்றை ஓட்டும் மோட்டார் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் உடையது. என் தந்தையார் நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். வாட்டின் மொழியில் கூறினால் அவர் நான்கு குதிரைகளை மேய்ப்பவர்.

துணியில் நெடுக்கே செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஊடை நூல் சுற்றிய தாரைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு நாடா இடமும் வலமும் பாய்கிறது. நிமிடத்திற்கு 120 முறை பாய்வதாகக் கொள்வோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தறி ஒருமுறையும் நிற்காமல் ஓடினால், ஊடை இழைகள் 86,400. ஒரு நாளில் எத்தனை விநாடிகளோ அத்தனை இழைகள்! அங்குலத்திற்கு 50 ஊடை உள்ள துணியானால், இது ஏறத்தாழ 44 மீட்டர். ஒரு மீட்டர் நெய்யச் சுமார் பதினாறரை நிமிடம்.

இதில் நாடாவை எறிவதும், ஊடையை அடித்துச் சேர்ப்பதும், துணியைச் சுருட்டுவதும் மோட்டாரின் வேலை. அப்படியானால் நெசவாளி என்ன செய்கிறார்? தார் தீர்ந்தால் மாற்றுகிறார். ஊடை அறுந்தால் இரும்புக் கவை ஒன்று உணர்ந்து தறியை நிறுத்திவிடும். ஆனால் பழைய தறிகளில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்பதில்லை. கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். காணத் தவறினால் துணியில் கீறல் விழும். அந்த மீட்டருக்குக் கூலியில் பிடித்தம் விழும். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைத் தேடிப் பிணைக்கும் அந்தக் கணத்தில், மற்ற மூன்று தறிகளின் ஓசையையும் காது கவனித்துக்கொண்டே இருக்கும். ஓசை மாறினால் ஏதோ கோளாறு என்று பொருள். அப்பட்டறை இரைச்சலில் அடுத்தவர் கத்திப் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. அவருக்கோ ஒரு தறியின் ஓசை மாறியது கேட்கும். அதே இரைச்சல்தான், வீட்டில் நாம் இயல்பாகப் பேசுவது அவருக்குக் கேட்காதபடியும் செய்திருக்கிறது.

இவற்றை ஜூலில் அளந்தால் ஒன்றும் தேறாது. நூலிழையைப் பிணைக்க எவ்வளவு விசை வேண்டும்? ஆனால் பன்னிரண்டு மணி நேரக் கவனம், நடை, நிற்றல், பழகிய விரல்கள், தேய்ந்த செவி ஆகிய இவையன்றோ அங்கு விற்கப்படுகின்றன!

இவற்றுக்கான கூலியோ மீட்டர்க் கணக்கு. நெய்த மீட்டருக்கு இவ்வளவு என்று வாரந்தோறும் கணக்குப் பார்ப்பார்கள். மீட்டர்க் கூலியில் ஒரு நன்மை உண்டு. திறமையுள்ளவர் மிகுதியாக ஈட்டலாம். தீமையும் உண்டு. தறி நின்ற நேரத்திற்குக் கூலி இல்லை. நூல் தரமற்றதாக இருந்து அடிக்கடி அறுந்தாலும், பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்வரை காத்திருந்தாலும், மின்சாரம் நின்றாலும் இழப்பு நெசவாளிக்கே. 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது எனக்கு ஏழு வயது இருக்கும். விளக்கணைந்தால் எங்களைப் போன்ற சிறுவர்கள் தெருவில் கூடிக் கூச்சலிட்டு மகிழ்வோம். பட்டறை வாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் மகிழ்ந்ததில்லை. "கரண்ட்டு போனாக் கூலியும் போச்சு கண்ணு" என்று தந்தையார் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகிறது. அவர் பட்டறையில்தான் இருந்தார். அவருடைய நேரமும் அங்கேதான் கழிந்தது. ஆனால் மீட்டர் ஓடவில்லை.

கூலியை நேரத்தால் அளந்தால், வேலை நின்றதன் இழப்பு முதலாளிக்கு. பொருளால் அளந்தால் அவ்விழப்பு தொழிலாளிக்கு. அளவுகோலை மாற்றினால், எவர் நட்டத்தைச் சுமப்பது என்பதும் மாறிவிடுகிறது. கூலி எவ்வளவு என்பதைப்போலவே, கூலி எதை அளக்கிறது என்பதும் இன்றியமையாத கேள்வி என்பது இதனால் பெறப்படும்.

புதிய தறி வருகிறது

இப்போது எங்கள் பகுதியில் நாடா இல்லாத தறிகள் வந்துகொண்டிருக்கின்றன. ரேப்பியர் என்று அழைக்கப்படும் தறியில், மெல்லிய தண்டு அல்லது பட்டை ஒன்று நூலைக் கவ்விப் பாவுக்குள் இழுத்துச் செல்கிறது. வேகம் நிமிடத்திற்கு இருநூறு முதல் நானூறு இழைகளும் அதற்கு மேலும். காற்றுத் தாரையால் நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிகள் இன்னும் வேகமானவை.

இதில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, ஒவ்வொரு பாவு இழையின்மீதும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. இழை அறுந்தால் தகடு கீழே விழுந்து மின்சுற்றை இணைக்கிறது. உடனே தறி நின்றுவிடுகிறது. எத்தனை எளிய இயற்பியல்! என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பழகிய கண்ணின் வேலையை, சில கிராமே எடையுள்ள ஒரு தகடு செய்துவிடுகிறது. இரண்டாவது, இத்தறிக்கு ஊடை நூல் கோனிலிருந்து நேரே போகிறது. தாரே வேண்டியதில்லை. தார் வேண்டாம் என்றால் தார் சுற்றுபவரும் வேண்டாம். ஆகவே, எங்கள் வீட்டில் இப்புதிய தறியால் இடம்பெயரப்போவது ஒருவரல்லர், இருவர்.

தந்தையார் பணிபுரியும் பட்டறையிலும் பழைய தறிகளை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியவை வாங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. பட்டறையில் வாங்கிய முன்பணமும் இன்னும் கழியவில்லை. புதிய தறியை ஓட்ட இளைஞர்களைப் பழக்குவார்களா, இவரையே பழக்குவார்களா என்பது எவருக்கும் தெரியாது. வீட்டில் இதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

எனினும், இயந்திரத்தை வெறுப்பது தீர்வாகாது. 1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் லுட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்கள் பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள். 1812-இல் இயந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அம்மசோதாவை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர் கவிஞர் பைரன். லுட்டைட்டுகளை அறிவியலின் பகைவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், அவர்களும் நாள்தோறும் இயந்திரத்தில் உழைத்தவர்களே. கூலி குறைந்ததும், தரக்குறைவான துணியை மலிவாகச் செய்து தொழிலைக் கெடுத்ததுமே அவர்களுடைய குறைகள். அவர்களின் சம்மட்டி இரும்பின்மேல் விழுந்தது; கோபம் கணக்குப் புத்தகத்தின்மேல் இருந்தது.

மிச்சமான நேரம் எங்கே?

இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது மெய். மிச்சமான நேரம் யாருக்குச் சேர்கிறது என்பதே அடுத்த வினா.

வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது எத்துணைக் கடினம் என்பதை நம் பாட்டிமார் அறிவர். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். நம் சமையலறைக்காக நம் மண்ணிலேயே பிறந்த இயந்திரம் இது. 2011-க்குப் பின் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியபோது எளிய வீடுகளுக்குள்ளும் இது நுழைந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆட்டுக்கல் கொல்லைப்புறம் போயிற்று. அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா என்ன செய்தார்? இன்னும் சில தார் சுற்றினார். "மாவாட்டுறப்பவாச்சும் உக்காந்த எடத்துல பக்கத்து வீட்டுக்காரிகூட நாலு வார்த்தை பேசுவேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆலைகளிலும் இதே கதைதான். 1913-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் மோட்டார் ஆலையில் நகரும் இணைப்பு வரிசையை அமைத்தார். அதுவரை ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. பின்னர் ஒன்றரை மணி நேரமே போதுமானதாயிற்று. ஆனால் ஒரே திருகை நாள் முழுதும் திருகும் வேலையில் மனிதர்கள் நிலைக்கவில்லை. வந்தவர்கள் வந்த வேகத்தில் வெளியேறினார்கள். எனவே 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்தார். அது முன்பிருந்த கூலியைப்போல் இரு மடங்குக்கும் மேல். இங்கே இயந்திரத்தின் பலன் கூலிக்கும் ஓரளவு வந்தது. எவரும் இரங்கியதால் வந்ததன்று. ஆள் நிற்காமற் போனதால் வந்தது.

வேலை நேரம் குறைந்த வரலாறும் இத்தகையதே. 1918-இல் சென்னையில் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலையைப் பற்றியது. 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். 1948-இல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் அவ்வாண்டு மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன் முடிந்துவிட்ட விவாதம் என்று எதையும் கருதிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. எங்கள் ஊரின் சிறு பட்டறைகளில் பன்னிரண்டு மணி ஷிப்ட் என்பது இன்றும் பழக்கத்தில் உள்ளதுதான்.

1930-இல் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். நூறாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் காலத்தில் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதும் என்பது அவர் கணிப்பு. அந்த நூறாண்டு 2030-இல் நிறைவுறுகிறது. செல்வம் பெருகும் என்று அவர் கணித்தது பலித்தது. நேரம் மிஞ்சும் என்று கணித்தது பலிக்கவில்லை. இயந்திரம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று அறிவியல் சொல்லும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அறிவியல் சொல்வதில்லை.

செயலி கூறும் வேலை

இனி மூன்றாவது விடைக்கு வருவோம். என் பெரியப்பா மகன் ஒரு பட்டதாரி. ஈரோட்டில் ஒரு நிறுவனத்திற்காக மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்கிறார். வண்டி அவருடையது, பெட்ரோலும் அவருடையது, கையிலுள்ள செல்பேசியும் அவருடையதே. மேலாளர் என்று ஒருவர் இல்லை. செயலி ஒலித்தால் போக வேண்டும். கூலி, கொண்டுபோய்ச் சேர்த்த பொட்டலத்திற்கும் சென்ற தூரத்திற்கும்.

உணவகத்தின் வாசலில் அண்ணன் இருபது நிமிடம் காத்திருப்பார். அதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் தூரத்திற்கும் அப்படியே. நிற்பவன் இடம்பெயரவில்லை, ஆகவே வேலையில்லை. போன இடத்திலிருந்து புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே வேலையில்லை! செயலியை எழுதியவர்கள் நம் பாடநூலின் வரையறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள்போலும். "ஒரு நாள்ல எத்தன மணி நேரம் ரோட்டுல இருந்தேன்னு அதுக்குத் தெரியுமுடா. தெரிஞ்சும் கணக்குல சேர்க்காது" என்பார் அண்ணன். மீட்டர்க் கூலியில் நின்ற தறியின் நட்டம் என் தந்தையாருக்கு; செயலியில் நின்ற நேரத்தின் நட்டம் அண்ணனுக்கு. தறி பழையது, செயலி புதியது. அளவுகோல் மட்டும் ஒன்றே.

சட்டம் இப்போதுதான் இவர்களைக் காணத் தொடங்கியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இத்தகைய தொழிலாளர்க்கு முதன்முதலாக இலக்கணம் வகுக்கப்பட்டது. 2023-இல் இராஜஸ்தான் மாநிலம் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு இவர்களுக்கு நலவாரியம் அமைத்தது.

நிற்பதும் வேலையே

இயற்பியலுக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை அழகாகக் காட்டும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதை அனைவரும் கண்டிருப்போம். இயற்பியல் கணக்கில் நிற்பவர் செய்யும் வேலை சுழி. ஆனால் 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது.

உடலியல் இங்கே சட்டத்தின் பக்கமே நிற்கிறது. அசையாமல் நிற்கும்போதும் தசையிழைகள் இடைவிடாமல் சுருங்கி விரிகின்றன. உடலின் ஆற்றல் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. நெடுநேரம் நின்றால் கால்களில் குருதி தேங்கி நரம்பு புடைக்கிறது. வெளியே வேலை சுழி; உள்ளே செலவு உண்மை. மனித உழைப்புக்கு விலை வைக்கும்போது, வெளியே நகர்ந்ததை மட்டுமன்றி, உள்ளே செலவானதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை அந்த ஒரு நாற்காலி நமக்குக் கற்பிக்கிறது.

நம்முன் உள்ள காலம்

மாணவ நண்பர்களே! இது தறிக்காரரின் கதை, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. முதலில் இயந்திரம் மனிதனின் தோள்வலியை எடுத்துக்கொண்டது. அடுத்து விரலின் வேலையை எடுத்துக்கொண்டது. பின்னர்க் கண்ணின் கவனத்தை ஒரு தகட்டிடம் கொடுத்தது. இப்போது எழுதுவது, கணக்கிடுவது, மொழிபெயர்ப்பது, நிரல் எழுதுவது ஆகியவற்றையும் கணிப்பொறி செய்யத் தொடங்கியிருக்கிறது. 2022 இறுதியில் கேள்விக்குக் கட்டுரையாகவே விடை தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. தறியிலிருந்து தப்பிக்கப் பட்டம் படிக்க வந்தோம். பட்டத்தின் வேலையிலும் புதிய தறி ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் அஞ்சி ஒடுங்கத் தேவையில்லை. வங்கிகளில் கணிப்பொறி வந்த காலத்திலும் அச்சம் இருந்தது. 1983-இல் ஊழியர் சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் அமர்ந்து பேசி, இயந்திரமயமாக்கல் குறித்து ஓர் ஒப்பந்தம் கண்டன. அமர்ந்து பேசுவதற்குச் சங்கம் இருந்தது. பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சிறு பட்டறையில் பணிபுரிபவருக்கும் தெருவில் வண்டி ஓட்டுபவருக்கும் அவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. படித்தவர்கள் செய்யத்தக்க பணி இங்குதான் இருக்கிறது.

புதிய இயந்திரம் எதுவாயினும் அதனிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது மனிதனிடமிருந்து எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறது? அதனால் மிச்சமான நேரம் யாருக்குச் சேர்கிறது? அதன் வருகைக்குப் பின் கூலி எதை அளக்கிறது, அதாவது இயந்திரம் நிற்கும் நேரத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது? முதல் கேள்விக்கு விடை கூற இயற்பியல் போதும். மற்ற இரண்டிற்கும் விடை கூற அது போதாது. பொருளியலும் வரலாறும் சட்டமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்பவரின் வீட்டிலிருந்து வந்தவர்கள் அம்மேசையில் அமர வேண்டும்.

எங்கள் கல்லூரியில் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரிகள் பலர் உள்ளனர். நம் பெற்றோர் தம் உழைப்பில் ஒரு பகுதியைச் சேமித்து நம்மை இங்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளை நம்மில் சிலர் பொறியியல் கூடங்களில் இயந்திரம் அமைப்போம். சிலர் செயலி எழுதுவோம். சிலர் அலுவலகத்தில் கூலிப் பட்டியல் தயாரிப்போம். அப்போது, மனிதனின் உழைப்பை மீட்டராகவும் கிலோமீட்டராகவும் மட்டும் அளக்கும் படிவம் நம் கைக்கு வருமானால், அதில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் துணிவு நமக்கு இருக்கட்டும். காத்திருந்த நேரத்திற்கு ஒரு கட்டம். அதைச் சேர்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் நாம்தாம்.